சின்னப் பிள்ளைகளுக்கு பேஸ்பால்: புத்தகத்தில் ஆரம்பிப்பதா, பந்தில் ஆரம்பிப்பதா?

தேன்சிட்டு எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். மகனுக்கு நாலே கால் வயசு. நூலகத்துல இருந்து எடுத்துட்டு வந்த ஒரு படப்புத்தகத்துல, ஓடி வந்த ஆள் ஒருத்தர் புழுதி பறக்கச் சறுக்கி விழுந்து, கையை நீட்டி ஒரு வெள்ளைத் தட்டைத் தொடுற மாதிரி ஒரு பக்கம் இருக்கு. மூணு வாரமா அவனுக்கு அந்த ஒரு பக்கம்தான். தூங்கும்போதும் பக்கத்துல இருக்கணும். "ஏன் விழுந்தாரு? வலிச்சுதா? அப்புறம் ஏன் சிரிக்கிறாரு?"ன்னு கேட்டுக்கிட்டே இருக்கான்.

நான் விதிகளைப் படிச்சு சொல்லிக் குடுக்கப் பார்த்தேன். மூணு ஸ்ட்ரைக் (அடிக்கத் தவறின நல்ல பந்து) ஆனா அவுட், நாலு பால் (அடிக்க வாகில்லாம விலகி வந்த பந்து) ஆனா நடந்தே முதல் பேஸுக்குப் போகலாம், மூணு அவுட் ஆனா அணி மாறும்... ரெண்டே நிமிஷத்துல எழுந்து போயிட்டான். திரும்ப அந்தப் பக்கத்தையே திறந்து வச்சுக்கிட்டான்.

இந்த ஆசை அணைஞ்சு போகக் கூடாதுன்னு நினைக்கிறேன். எங்க இருந்து தொடங்கணும்? எந்த மாதிரி புத்தகம்? பேட் வாங்கிக் குடுக்கலாமா, இன்னும் கொஞ்ச நாள் போகட்டுமா?

கீற்று எழுதியது:

சகோ, ஆறு வருஷமா சின்னப் பிள்ளைகளுக்கு டீ-பால் (பந்தை ஒரு தாங்கி மேல வச்சு அடிக்கிற பேஸ்பால்) சொல்லிக் குடுக்கிறேன். உங்க மகன் கேட்டதுக்கு ஒரே பதில்தான்: "அவர் வீட்டுக்கு வந்துட்டார், அதான் சிரிக்கிறார்."

அந்த வெள்ளைத் தட்டுக்குப் பேரே ஹோம் பிளேட். மத்த ஆட்டங்கள்ல பெரும்பாலும் பந்து எங்கயோ போய்ச் சேரணும். வலைக்குள்ள, கூடைக்குள்ள, எல்லைக்கோட்டுக்கு வெளிய. பேஸ்பால்ல ஆளே போய்த் திரும்பி வரணும். கிளம்பின இடத்துக்கு வந்து சேர்ந்தாத்தான் ஒரு ரன். பந்து எவ்வளவு தூரம் போனாலும், அடிச்சவர் நாலு மூலையில இருக்கிற நாலு பேஸையும் தொட்டு வந்தாத்தான் அது ஹோம் ரன். அம்மா மடியில இருந்து இறங்கி ஓடி, ஒரு சுத்து சுத்திட்டு மறுபடி மடியில வந்து விழுற பிள்ளைக்கு இதை விளக்கவே வேண்டாம். அவனுக்கு ஏற்கனவே தெரியும்.

அதனால ஸ்ட்ரைக், பால் எல்லாத்தையும் இப்போ மறந்துடுங்க. மூணு சொல் போதும்: அடி, ஓடு, வீட்டுக்கு வா. அதுலயும் முதல் வாரம் "அடி" வேண்டாம். நாலு தலையணையைச் சாய்சதுரமா போடுங்க. நிஜ மைதானத்துல ஒரு பேஸுக்கும் அடுத்த பேஸுக்கும் 90 அடி. உங்க கூடத்துல அஞ்சாறு எட்டு இருந்தா போதும். ஹோமுக்கு வெள்ளை உறை போட்ட தலையணை வைங்க, புத்தகத்துல இருக்கிற மாதிரியே. ஓடட்டும்.

ஒண்ணு கவனிச்சுப் பாருங்க. முதல் தடவை நேரா மூணாவது பேஸுக்குத்தான் ஓடுவான். நான் பார்த்த பிள்ளைகள்ல பாதிப் பேர் அப்படித்தான். "வலது பக்கம் போ"ன்னு கத்தினா அந்த வயசுல புரியாது. முதல் பேஸ்ல நீங்க நின்னு ரெண்டு கையையும் விரிச்சு வச்சுக்கோங்க, உங்ககிட்ட வருவான். அப்புறம் ரெண்டாவது பேஸுக்கு நகர்ந்து நில்லுங்க. நாலு நாள்ல வழி காலுக்குப் பழகிடும்.

நூலகப்புழு எழுதியது:

கீற்று சொன்னதை முழுசாக ஏற்கிறேன். நான் நூலகத்தின் சிறுவர் பிரிவில் வேலை பார்க்கிறேன், புத்தகத்தைப் பற்றிச் சொல்கிறேன்.

அட்டையில் பேட்டும் பந்தும் இருப்பதாலேயே ஒரு புத்தகம் நாலு வயசுக்கு ஆகிவிடாது. பெற்றோர் பலர் பெரிய வீரர் ஒருவரின் வாழ்க்கைக் கதையை எடுத்துப் போவார்கள். பக்கத்துக்குப் பதினைந்து வரி இருக்கும், பிள்ளை மூன்றாம் பக்கத்தில் நழுவிவிடும். உங்கள் மகனின் வயதுக்கு ஒரே ஒரு ஆட்டத்தையோ ஒரே ஒரு நாளையோ சொல்லும் கதைதான் சரி. காலையில் கிளம்புகிறார்கள், ஆடுகிறார்கள், மழை வருகிறது அல்லது வரவில்லை, வீடு திரும்புகிறார்கள். எண்ணிப் பழகும் கெட்டி அட்டைப் புத்தகங்களும் நல்லவை, இந்த ஆட்டத்தில் எண்ணுவதற்கு அவ்வளவு இருக்கிறது.

நான் புத்தகம் தேர்ந்தெடுக்கும்போது ஒன்று செய்வேன். எழுத்தைப் படிக்காமல், பந்து எங்கே இருக்கிறது என்று மட்டும் விரலால் தொட்டுக்கொண்டே பக்கங்களைப் புரட்டுவேன். பந்து வீசும் பிட்சர் கையில், காற்றில், பேட்டில், மறுபடி காற்றில், கையுறையில். நல்ல ஓவியர் பந்தைத் தொலைக்கவிட மாட்டார். பந்து எங்கே போனதென்று எனக்கே தெரியவில்லை என்றால் பிள்ளைக்கும் தெரியாது, அந்தப் புத்தகத்தை அலமாரியிலேயே வைத்துவிடுவேன். வீட்டிலும் முதல் வாசிப்பை இப்படியே செய்யுங்கள். கதை சொல்ல வேண்டாம், "பந்து எங்கே?" என்பது ஒன்றே கேள்வி. பின்னால் மைதானத்தில் அவன் கண் பழக வேண்டியதும் இதே வேலைதான்.

முடிந்தால் ஒரு நிஜ பேஸ்பால் பந்தைப் புத்தகத்தின் பக்கத்தில் வையுங்கள், விளையாட அல்ல, தொட்டுப் பார்க்க. வெள்ளைத் தோல், அதில் சிவப்பு நூலில் 108 இரட்டைத் தையல். நகத்தால் அந்தத் தையலை வருடினால் மெல்லிய சத்தம் வரும். படத்தில் இரண்டு சிவப்பு வளைகோடாகத் தெரிந்தது கைக்குள் மேடாகத் தட்டுப்படும்போது பிள்ளைகள் முகம் மாறுவதைப் பார்த்திருக்கிறேன். உடனே படத்தையும் தடவிப் பார்ப்பார்கள், மேடு இருக்கிறதா என்று.

அலைகடல் எழுதியது:

மாற்றுக் கருத்து ஒன்று, கோபித்துக்கொள்ள வேண்டாம். புத்தகம் எதற்கு? என் இரண்டு பிள்ளைகளும் ஒரு பக்கம்கூடப் படிக்காமல் ஆடக் கற்றார்கள். ஓட வேண்டிய வயதில் உட்கார வைத்துப் படம் காட்டுவது, நீச்சலைக் கரையில் உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பது போல. பந்தைக் கையில் கொடுங்கள், மற்றது தானாக வரும்.

நூலகப்புழு எழுதியது:

அலைகடல் ஐயா, கோபமே இல்லை. ஓடுகிற பிள்ளையை நிறுத்திப் படம் காட்டச் சொல்லவில்லை. ஆனால் இந்த இழை தொடங்கியதே ஒரு பக்கத்தில் இருந்துதான். அந்தப் பையனை பேஸ்பாலுக்குக் கூப்பிட்டது ஒரு ஓவியர்.

இன்னொன்று, இந்த ஆட்டத்தில் சும்மா நிற்கும் நேரம் அதிகம். வெளிக்களத்தில் நிற்கிற பிள்ளைக்குப் பத்து நிமிஷம் பந்தே வராது, புல் பிடுங்கிக்கொண்டு இருக்கும். எதற்காகக் காத்திருக்கிறோம் என்று கதையில் பார்த்த பிள்ளை கொஞ்சம் கூடுதலாகக் காத்திருக்கிறது. பக்கத்தைப் புரட்டுவதற்கு முன்னால் ஒரு நொடி நிற்போம் அல்லவா, அதே காத்திருப்பு. இது நான் நேரில் கண்டது, ஆராய்ச்சி முடிவு என்று சொல்லவில்லை.

கீற்று எழுதியது:

ரெண்டு பேர் சொல்றதுலயும் நியாயம் இருக்கு. நான் செய்யறது: ஒரு பக்கம், உடனே ஒரு ஆட்டம். சறுக்குற பக்கம் படிச்சா, உடனே எழுந்து சறுக்குவோம். அம்பயர் வர்ற பக்கம்னா, கையை ரெண்டு பக்கமும் நீட்டி "சேஃப்", கைவிரலை மடக்கி முஷ்டி காட்டி "அவுட்". புத்தகம் முழுசா முடியணும்னு கட்டாயமே இல்ல.

அலைகடல் ஐயா "பந்தைக் கையில குடுங்க"ன்னது சரி, ஆனா எந்தப் பந்துன்னு சொல்லணும். நிஜ பேஸ்பால் 142-ல இருந்து 149 கிராம் வரை இருக்கும், கிட்டத்தட்ட கிரிக்கெட் பந்து மாதிரி கனம், கெட்டி. நாலு வயசுப் பிள்ளைகிட்ட அதை எறியவே கூடாது. என்னோட வரிசை இது: முதல்ல பலூன். அது மெதுவா இறங்கும், கண்ணுக்கு நேரம் கிடைக்கும். அப்புறம் காத்தடிச்ச பெரிய பிளாஸ்டிக் பந்து, ரெண்டு கையாலயும் நெஞ்சோட சேர்த்து அணைச்சுப் பிடிக்கிற மாதிரி. அப்புறம் காலுறையைச் சுருட்டின பந்து. அப்புறம்தான் மெத்துனு இருக்கிற ரப்பர் பந்து.

எறியும்போது கையைக் கீழே இருந்து வீசுங்க, நெஞ்சு உயரத்துக்கு, நேரா. நிறைய அப்பாக்கள் "மெதுவா போடறேன்"னு மேலே தூக்கிப் போடுவாங்க. பிள்ளைக்கு அதுதான் ரொம்பக் கஷ்டம். பந்து ஏறி இறங்குற வளைவைக் கணிக்க அந்த வயசுக் கண்ணுக்கு வராது, தலையைத் திருப்பிக்கும்.

அடிக்கிறதுக்கு டீ. இடுப்பு உயரத்துக்கு ஒரு தாங்கி, அது மேல பந்து அசையாம உட்கார்ந்திருக்கும். அதை முன்னங்காலுக்கு நேரா, கொஞ்சம் முன்னாடி வைங்க. பிள்ளையோட தொப்புளுக்கு நேரா வச்சுட்டு "ஏன் படவே மாட்டேங்குது"ன்னு கேட்கிறவங்க நிறைய. பேட் பிளாஸ்டிக்ல, லேசா. ஒரு கையால நீட்டிப் பிடிச்சா கை தாழக் கூடாது, தாழ்ந்தா அது கனம்.

முக்கியமான விஷயம்: பேட் பிடிக்கிறதுக்கு ஒரு வட்டம். தரையில ஒரு வளையம் போட்டு, அதுக்குள்ள நிக்கும்போது மட்டும்தான் கையில பேட். வட்டத்துக்குப் பக்கத்துல வேற பிள்ளை வந்தா ஆட்டம் நிக்கும். நான் பார்த்த அடிகள்ல முக்கால்வாசி பந்தால வந்ததில்ல, பக்கத்துல நின்ன பிள்ளை வீசின பேட்டால வந்தது.

கிரிக்கெட் பார்த்து வளர்ந்த வீட்டுல இன்னொரு பழக்கம் வரும், பேட்டைத் தூக்கிக்கிட்டே ஓடுறது. இங்க அடிச்சவுடனே பேட்டைக் கீழே விடணும், எறியக் கூடாது. பக்கத்துல ஒரு வாளி வச்சு "பேட் வாளிக்குள்ள, நீ பேஸுக்கு"ன்னு பழக்குங்க. முதல் பேஸைத் தாண்டி ஓடினாலும் அவுட் இல்லைங்கறது பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடிச்ச விதி. தொட்டுட்டு நேரா ஓடிக்கிட்டே போகலாம்.

இரவுப்பறவை எழுதியது:

இந்த இழையைப் படித்துக்கொண்டே வந்தேன், எழுதாமல் இருக்க முடியவில்லை. என் மகளுக்கு ஆறு வயது. போன வருஷம் ஒரு குழுவில் சேர்த்தோம். மூன்றாம் நாளே பயிற்சியாளர் கெட்டிப் பந்தை மேலிருந்து எறிந்தார், மூக்கில் பட்டு இரத்தம். காயம் ஒரு வாரத்தில் ஆறிவிட்டது. ஆனால் இப்போது யார் எதை எறிந்தாலும், சாவியைத் தூக்கிப் போட்டால்கூட, கண்ணை இறுக மூடிக்கொள்கிறாள். அன்று அங்கே ஒரு பெரியவர், "பொண்ணுங்களுக்கு இது எதுக்கு" என்று அவள் காதுபடச் சொல்லிவிட்டார். அதையும் மறக்கவில்லை. ஆனால் பேஸ்பால் படங்களை மட்டும் இன்றும் வரைகிறாள். எங்கிருந்து மறுபடி தொடங்குவது?

கீற்று எழுதியது:

படிச்சதும் மனசு கனத்துப் போச்சு. ஆறு வயசுப் பிள்ளைக்கு அப்படிப் பந்து எறிஞ்சது தப்பு. அவ கண்ணை மூடறது கோழைத்தனம் இல்ல, உடம்பு தன்னைக் காப்பாத்திக்குது.

பிடிக்கிறதை ஒரு மாசம் விட்டுடுங்க. அவ எறியட்டும், நீங்க பிடிங்க. பந்து அவகிட்ட இருந்து போகட்டும், அவளை நோக்கி வர வேண்டாம். அப்புறம் தரையில உருட்டுங்க. உருண்டு வர்ற பந்தை அள்ளி எடுக்கிறது நிஜ ஆட்டத்துலயும் பெரிய வேலைதான், ரெண்டாவது, மூணாவது பேஸுக்கு நடுவுல நிக்கிற ஷார்ட்ஸ்டாப்போட பாதி வேலை அதுதான். காலுறைப் பந்தை அவளே மேல போட்டு அவளே பிடிக்கிறது அடுத்தது. எப்போ வரும்னு அவளுக்குத் தெரியும்கிறதால கண் திறந்தே இருக்கும். நீங்க எறியறது கடைசி. எறியறதுக்கு முன்னாடி ஒவ்வொரு தடவையும் "வரட்டுமா?"ன்னு கேளுங்க, அவ "வரட்டும்"னு சொன்னப்புறம் விடுங்க.

நூலகப்புழு எழுதியது:

அந்தப் பெரியவர் சொன்னதற்குப் பதில் அலமாரியில் இருக்கிறது, தோழி. 1931 ஏப்ரல் 2, சட்டனூகா நகரில் ஒரு காட்சி ஆட்டம். ஜாக்கி மிட்செல் என்ற 17 வயது இடதுகைப் பெண் பந்து வீசினார். எதிரே அந்தக் காலத்தின் பேர்பெற்ற மட்டையாளர்கள்: முதலில் பேப் ரூத், அடுத்து லூ கெரிக். இருவரையும் அடுத்தடுத்து ஸ்ட்ரைக் அவுட் ஆக்கினார். டோனி ஸ்டோன் என்ற பெண் 1953-இல் இண்டியானாபொலிஸ் கிளவுன்ஸ் அணிக்காக, கறுப்பின வீரர்களுக்கென்று தனியாக இருந்த நீக்ரோ லீகில் ஆண்களோடு ஆடினார். 1939-இல் தொடங்கிய, பிள்ளைகளுக்கான லிட்டில் லீக், 1974-இல் சிறுமிகளுக்குக் கதவைத் திறந்தது. அதற்குச் சரியாக 40 வருஷம் கழித்து, 2014 லிட்டில் லீக் உலகத் தொடரில், மோனே டேவிஸ் என்ற 13 வயதுச் சிறுமி எதிரணிக்கு ஒரு ரன்கூடக் கொடுக்காமல் ஆட்டத்தை முடித்துக் கொடுத்தார். இவர்களைப் பற்றியெல்லாம் பிள்ளைகளுக்கான புத்தகங்கள் உண்டு. நூலகத்தில் ஆட்டத்தின் பெயரைவிட ஆளின் பெயரைச் சொல்லித் தேடினால் சீக்கிரம் கிடைக்கும்.

ஆறு வயதுக்கு வாழ்க்கைக் கதைகள் பொருந்தத் தொடங்கும். எனக்கு மிகப் பிடித்தவர் வில்லியம் ஹோய். காது கேளாதவர். 1888-இலிருந்து 1902 வரை பெரிய லீகுகளில் ஆடினார். அம்பயர் ஸ்ட்ரைக் என்றாரா பால் என்றாரா என்று அவருக்குக் கேட்காது. மூன்றாவது பேஸ் அருகில் நிற்கும் பயிற்சியாளர் வலது கையைத் தூக்கினால் ஸ்ட்ரைக், இடது கையைத் தூக்கினால் பால். அம்பயர்களின் கைச்சாடை முழுவதுமே இவரிடமிருந்து வந்தது என்று சில புத்தகங்கள் எழுதுகின்றன, வரலாற்று ஆய்வாளர்கள் எல்லோரும் அதை ஏற்பதில்லை. அதனால் நான் அந்த வரியை மட்டும் "அப்படியும் சொல்வார்கள்" என்று சேர்த்துப் படிப்பேன்.

இந்தக் கதை படித்த நாளில் நாங்கள் நூலகத்துக்குப் பின்னால் இருக்கும் திடலில் ஒரு ஆட்டம் ஆடுவோம். பேச்சே கிடையாது, கைச்சாடை மட்டும். பதினைந்து பிள்ளைகள், செருப்புச் சத்தமும் பந்துச் சத்தமும் தவிர ஒன்றும் கேட்காது. அடிக்கப்போகும் பிள்ளை ஒவ்வொரு முறையும் திரும்பி மூன்றாவது பேஸைப் பார்க்கும். ஓடி வந்து ஹோமைத் தொட்டதும் எல்லாப் பிள்ளைகளும் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி விரல்களை ஆட்டுவார்கள். அதுதான் கைதட்டல்.

அலைகடல் எழுதியது:

இதைப் படித்த பிறகு என் கருத்தைக் கொஞ்சம் மாற்றிக்கொள்கிறேன். என் பேரனுக்கு ஐந்து வயது. ஜாக்கி ராபின்சன் புத்தகம் ஒன்று வீட்டில் இருக்கிறது. அவரை மற்றவர்கள் திட்டும் பக்கங்களைத் தாண்டிவிடலாமா? இந்த வயதில் நிறவெறியைச் சொல்லிப் பயமுறுத்த வேண்டுமா என்று தயங்குகிறேன்.

நூலகப்புழு எழுதியது:

தாண்ட வேண்டாம் ஐயா. அந்தப் பக்கங்களை எடுத்துவிட்டால் அவர் நன்றாக ஆடிய ஒருவர், அவ்வளவுதான். 1947 ஏப்ரல் 15 அன்று புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணிக்காக அவர் களத்தில் இறங்கும்வரை, அறுபது வருஷத்துக்கும் மேலாகக் கறுப்பின வீரர் ஒருவரையும் பெரிய லீகில் சேர்க்கவில்லை. ஐந்து வயதுப் பிள்ளையின் கேள்வி நேராக வரும்: "ஏன் சேத்துக்கல?" பதிலும் நேராக இருக்கலாம்: "அவங்க தோல் நிறத்தைப் பார்த்து வேண்டாம்னு சொன்னாங்க. அது அநியாயம்." அதற்கு மேல் பிள்ளை கேட்டால் சொல்லுங்கள், கேட்காவிட்டால் அடுத்த பக்கம். ஆட்டத்தில் சேர்த்துக்கொள்ளாமல் ஒதுக்குவது எப்படி வலிக்கும் என்று அந்த வயதுப் பிள்ளைக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும், தினமும் பார்க்கிறதுதானே.

அவர் அணிந்த 42 என்ற எண்ணை 1997-இல் எல்லா அணிகளிலும் ஓய்வு கொடுத்துவிட்டார்கள். ஆனால் வருஷத்தில் ஒரு நாள், ஏப்ரல் 15 அன்று, எல்லா வீரர்களும் 42 போட்டுக்கொண்டு ஆடுகிறார்கள். இதைச் சொன்னதும் ஒரு சிறுமி என்னிடம் கேட்டாள்: "எல்லாரும் 42-ன்னா யார் யாருன்னு எப்படித் தெரியும்?" கொஞ்ச நேரம் கழித்து அவளே, "அன்னைக்கு மட்டும் தெரிய வேண்டாம்" என்றாள்.

பேரன் இன்னும் கொஞ்சம் வளர்ந்ததும் கெனிச்சி ஜெனிமுராவின் கதையைக் கொடுங்கள். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவில் ஜப்பானிய வம்சாவளியினரைக் குடும்பத்தோடு முகாம்களில் அடைத்தார்கள். அரிசோனா பாலைவனத்தில் கிலா ரிவர் முகாமில் இவர் புதர்களை வெட்டி, நிலத்தைச் சமன்செய்து ஒரு பேஸ்பால் மைதானமே கட்டினார். முள்வேலிக்குள் ஒரு ஹோம் பிளேட். வீடு பறிக்கப்பட்டவர்கள் அந்தத் தட்டை நோக்கி ஓடுவதை எட்டு வயதுப் பிள்ளைக்குப் படித்துக்காட்டும்போது என் குரல் ஒவ்வொரு முறையும் தடுமாறும்.

இரவுப்பறவை எழுதியது:

ஜாக்கி மிட்செல் புத்தகம் கிடைத்துவிட்டது. பந்து வீசும் பக்கத்தைப் பார்த்து வரைந்து கதவில் ஒட்டியிருக்கிறாள். காலுறைப் பந்து உருட்டல் பத்தாவது நாள். நேற்று "வரட்டுமா?" என்று கேட்டேன். "இன்னும் வேண்டாம், உருட்டு" என்றாள். உருட்டினேன்.

கீற்று எழுதியது:

"இன்னும் வேண்டாம்"னு சொல்றவ ஒருநாள் "வரட்டும்"னு சொல்வா. அவசரப்படுத்தாதீங்க. ஆறு வயசுன்னா எண்களையும் சொல்லிக் குடுக்கலாம். பிட்சர் 1, கேட்சர் 2, முதல் பேஸ் 3, ரெண்டாவது 4, மூணாவது 5, ஷார்ட்ஸ்டாப் 6, வெளிக்களம் இடமிருந்து வலமா 7, 8, 9. வரையறதுல ஆசை இருக்கிற பிள்ளை, மைதானத்தை வரைஞ்சு எண் போடட்டும். நீங்க "6, 4, 3"ன்னு சொன்னா விரலால பந்து போன வழியைக் காட்டணும். ஆறு, நாலு, மூணு, டபுள் பிளே, அதாவது ஒரே ஆட்டத்துல ரெண்டு அவுட். பந்து வந்து மேல படாம ஆட்டத்துக்குள்ள இருக்க இது ஒரு வழி.

தேன்சிட்டு எழுதியது:

அஞ்சு வாரம் கழிச்சு வர்றேன், எல்லோருக்கும் நன்றி. நாலு தலையணை போட்டாச்சு. கீற்று சொன்ன மாதிரியே முதல்ல மூணாவது பேஸுக்குத்தான் ஓடினான், நான் கையை விரிச்சு நின்னதும் என்கிட்ட வந்தான். "வீட்டுக்கு வந்துட்டார், அதான் சிரிக்கிறார்"னு சொன்ன அன்னைக்கு ரொம்ப நேரம் அந்தப் படத்தைப் பார்த்துட்டு, புத்தகத்தை மூடி வச்சான். மூணு வாரத்துல முதல் தடவையா அவனே மூடினான்.

ஆனா இப்போ புதுசா ஒண்ணு. ஓடி வந்து வெள்ளைத் தலையணையில உட்கார்ந்தா எழுந்திருக்க மாட்டேங்கிறான். "இது என் வீடு, யாரையும் விட மாட்டேன்"னு ரெண்டு கையையும் நீட்டி மறிக்கிறான். அக்கா வீட்டுப் பிள்ளைங்க வந்தா சண்டை. எப்படி எழுப்புறது?

கீற்று எழுதியது:

எழுப்ப வேண்டாம், அவன் கேட்சர். களத்துல தடுத்து ஆடுற ஒன்பது பேர்ல எட்டுப் பேர் ஹோம் பிளேட்டைப் பார்த்து நிப்பாங்க. கேட்சர் ஒருத்தர் மட்டும் அதுக்குப் பின்னாடி குந்தி உட்கார்ந்து மொத்த மைதானத்தையும் பார்ப்பார். வீட்டுக்கு வர்றவங்களைத் தடுக்கிறதும் அவர் வேலைதான்.

ஒரே ஒரு விதி சொல்லிக் குடுங்க: கையில பந்து இருந்தாத்தான் மறிக்கலாம். காலுறைப் பந்தை அவன்கிட்ட உருட்டி விடுங்க. பந்து முதல்ல வந்து, அந்தப் பந்தோட ஓடி வர்ற பிள்ளையை அவன் தொட்டுட்டா அவுட். ஓடி வர்ற பிள்ளை முதல்ல தலையணையைத் தொட்டுட்டா, அவனே கையை விரிச்சு "சேஃப்" சொல்லணும். அடுத்த தடவை நூலகம் போனா, கேட்சர் முகமூடி நல்லாத் தெரியற பக்கம் இருக்கிற புத்தகமா பார்த்து எடுங்க.